பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டாச்சு... ஹேண்ட் பிரேக் எங்கே போச்சு? ஜீப் பிரியர்களே உஷார்!

சென்னை,

"அண்ணே, பின்னாடி டிரம்மைத் தூக்கிட்டு டிஸ்க் போட்டுக் குடுங்க!"

ஜீப் வேலை பார்க்கும் பட்டறைகளில் இது இப்போது சர்வ சாதாரணமான பேச்சு. பழைய மகிந்திரா ஜீப், ஜிப்சி, தார் எதுவாக இருந்தாலும் சரி. முதலில் டயரைப் பெரிசாக்குகிறார்கள். அடுத்து வண்டியைத் தூக்கிக் கட்டுகிறார்கள். அதற்கப்புறம் கை வைப்பது பின்சக்கரத்து பிரேக்கில்தான்.

வேலை முடிந்து ஓட்டிப் பார்த்தால் வண்டி ஜம்மென்று நிற்கிறது. வாலிபர்களுக்கு ஒரே குஷி. சனிக்கிழமை ராத்திரியே மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

ஆனால் இப்படி மாற்றிய சில வண்டிகளில் ஒரு சாமானைக் காணோம். எது தெரியுமா?

ஹேண்ட் பிரேக்!

மலைச்சரிவில் ஜீப்பை நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்குகிறார்கள். வண்டி தானாக உருள ஆரம்பித்தால் கீழே நிற்கிறவன் கதி என்ன? டிஸ்க் போடுவது தப்பா, சரியா? எப்படிப் போட்டால் உயிருக்கு உத்தரவாதம்? பட்டறைப் பக்கம் விசாரித்தால் கிடைக்கும் விவரம் வருமாறு:

சேறு புகுந்தால் போச்சு!

டிரம் பிரேக் என்பது மூடி போட்ட சட்டி மாதிரி. சட்டிக்கு உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூ இருக்கும். பெடலை மிதித்ததும் வீல் சிலிண்டர் அந்த ஷூக்களை வெளிப்பக்கம் தள்ளும். அவை சுற்றுகிற டிரம்மின் உள்சுவரில் உரசும். வண்டி நிற்கும்.

தார் ரோட்டில் ஓடுகிற வரைக்கும் இதில் தகராறு இல்லை. ஆற்றிலும் சேற்றிலும் இறங்கினால்தான் வினை. சட்டிக்குள் புகுந்த தண்ணீர் லேசில் வெளியே வராது. நனைந்த லைனிங் வழுக்கும். ஆற்றைக் கடந்து கரை ஏறியதும் பிரேக்கை மிதித்தால் முதல் இரண்டு, மூன்று மிதிக்கு வண்டி கேட்கவே கேட்காது. சேறு உள்ளே போய்க் காய்ந்துவிட்டாலோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி லைனிங்கையும் டிரம்மையும் தின்றுவிடும்.

இன்னொரு எதிரி சூடு. பொள்ளாச்சியில் இருந்து வால்பாறை போகும் ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. இந்த மாதிரி இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் கொதிக்கும். கொதித்தால் இரும்பு விரியும். விரிந்த டிரம் ஷூவை விட்டு விலகிப் போகும். பெடல் கீழே கீழே இறங்கும். டிரைவருக்கு வயிற்றைக் கலக்கும்.

டிஸ்க்கில் என்ன விசேஷம்?

டிஸ்க் என்பது திறந்து கிடக்கிற இரும்புத் தட்டு. அதை இரண்டு பக்கமும் பேடு வைத்து இடுக்கி மாதிரி பிடிப்பது காலிபர். சைக்கிள் சக்கரத்தை பிரேக் கட்டை இரண்டு பக்கமும் கவ்வுகிற அதே சங்கதிதான்.

தண்ணீரில் இறங்கி ஏறினால் சுற்றுகிற வேகத்திலேயே தண்ணீர் தெறித்துப் போய்விடும். சூடானால் தட்டு தடிக்கும். அதாவது பேடை நோக்கித்தான் வரும், விலகாது. காற்றும் நேரே படும். பேடு தேய்ந்திருக்கிறதா என்று சக்கரத்தைக் கழற்றிய உடனே கண்ணால் பார்த்துவிடலாம். சேற்றில் உழலுகிற வண்டிக்கு இதெல்லாம் பெரிய லாபம்.

பின் பிரேக் மீது ஜீப்காரர்களுக்கு இத்தனை அக்கறை வர இன்னொரு காரணமும் உண்டு. சமதரையிலும் இறக்கத்திலும் பிரேக் போட்டால் வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும். அப்போது பெரும்பாலான வேலையை முன் பிரேக்தான் செய்யும். ஆனால் செங்குத்தான மேட்டில் ஏறும்போது எஞ்சின் நின்றுவிட்டால்? பாரம் முழுக்கப் பின்சக்கரத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது பின் பிரேக்தான். அது சேற்றில் ஊறிப்போய்க் கிடந்தால் வண்டி பின்னோக்கி உருள வேண்டியதுதான்.

கம்பெனிக்காரர்கள் ஏன் டிரம் போட்டார்கள்?

"டிஸ்க் அவ்வளவு நல்லதுன்னா கம்பெனிக்காரன் ஏன் போடலை?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

1985-ல் வந்த ஜிப்சிக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். 2010-ல் வந்த தாருக்கும் அப்படியே. 2020-ல் புது உருவத்தில் வந்த தார், 2023-ல் வந்த ஜிம்னி இரண்டிலும் பின்னால் டிரம்தான். 2024-ல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸின் மேல் ரகங்களில்தான் பின்னாலும் டிஸ்க் வந்தது.

டிரம்முக்கும் சில நல்ல குணங்கள் உண்டு. விலை குறைவு. சுற்றுகிற டிரம், ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும். அதனால் லேசாக மிதித்தாலே நன்றாகப் பிடிக்கும். டிஸ்க்குக்கு இந்த இழுப்பு கிடையாது. பூஸ்டர் இல்லாத பழைய ஜீப்பில் டிஸ்க்கை மாட்டினால் பெடல் கல்லு மாதிரி இருக்கும். மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துவிடும்.

இன்னொன்று, டிரம்மில் ஹேண்ட் பிரேக் வைப்பது சுலபம். ஒரு கேபிள், ஒரு நெம்பு. அதே ஷூவைக் கையாலும் இழுத்துவிடலாம். டிரம்மைக் கழற்றி எறிகிறவர்கள் மறந்து போவது இதைத்தான்.

வேலை எப்படி நடக்கிறது?

முதலில் நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, பின்பக்கம் ஜாக்கி அடித்து, ஸ்டாண்டில் வண்டியை உட்கார வைக்கிறார்கள். சக்கரம், டிரம், ஷூ, வீல் சிலிண்டர் எல்லாம் கழற்றப்படுகின்றன. பழைய லைனிங்கில் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூளை ஏர் அடித்து ஊதினால் நுரையீரலுக்கு ஆபத்து. தண்ணீர் விட்டு நனைத்துத் துடைப்பதுதான் சரி.

அடுத்து ஆக்சில் ஷாப்டை உருவி, ஷூவைத் தாங்கி நிற்கும் பேக் பிளேட்டை எடுக்கிறார்கள். இதில் வண்டிக்கு வண்டி முறை மாறும். ஷாப்ட் வெளியே வந்த நேரத்திலேயே ஆயில் சீலைப் புதிதாகப் போட்டுவிட வேண்டும். சீல் கசிந்தால் கிரவுன் ஆயில் பேடு மேல் படியும். பிறகு எந்த டிஸ்க்கும் பிடிக்காது.

பேக் பிளேட் இருந்த இடத்தில், அதே போல்ட் ஓட்டைகளில், காலிபரைத் தாங்க ஒரு பிராக்கெட் உட்காருகிறது. விஷயமே இந்த பிராக்கெட்டில்தான் இருக்கிறது. தடித்த இரும்புத் தகட்டில் லேத் பட்டறையில் அளவெடுத்துச் செய்ய வேண்டும். பிரேக் போடுகிற போது சக்கரத்தின் முழு முறுக்கையும் தாங்குவது இதுதான். சில இடங்களில் கண் மதிப்பில் வெட்டி, ஆக்சில் ஹவுசிங்கோடு வெல்டிங் வைத்துவிடுகிறார்கள். வெல்டிங் சூட்டில் ஹவுசிங் கோணிப் போகலாம். போல்ட் போட்ட பிராக்கெட் என்றால் கழற்றிச் சரி பார்க்கலாம். வெல்டிங் விட்டால் விட்டதுதான்!

தட்டு, காலிபருக்கு நட்டநடுவே ஓட வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு பேடு மட்டும் தேயும். சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும். சின்ன வீல் டிஸ்க் உள்ள வண்டியில் காலிபர் உள்ளே இடிக்கும்.

பிரேக் ஓசையும் கவனிக்க வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது பின் ஆக்சில் தொங்கும். அந்த அளவுக்கு ஓஸ் நீளம் போதுமா என்று ஆக்சிலைத் தொங்கவிட்டே பார்க்க வேண்டும். தரையில் நிற்கிற போது சரியாகத் தெரிகிற ஓஸ், மலையில் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும்.

தலைகீழ் நிப்பிள்!

புது வண்டி பிரியர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கிற இடம் இது. எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஏர் எடுக்கிறார்கள், எடுக்கிறார்கள், எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது.

காரணம் சின்னது. வலது காலிபர் இடது பக்கமும், இடது காலிபர் வலது பக்கமும் மாறிப் போயிருக்கும். ஏர் விடுகிற நிப்பிள் அடிப்பக்கம் வந்துவிடும். காற்று எப்போதும் மேலேதான் தங்கும். நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றினாலும் காற்று வெளியே வராது. நிப்பிள் மேல் நோக்கி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் அரை நாள் மிச்சம்.

10 பவுண்டு வால்வு

பிரேக் லைனில் இருக்கிற ஒரு சின்ன வால்வு பலர் கண்ணுக்குத் தெரிவதில்லை. டிரம் பிரேக்குக்குப் பெடலை விட்ட பிறகும் லைனில் சுமார் 10 பவுண்டு அழுத்தம் தங்க வேண்டும். அதற்காக மாஸ்டர் சிலிண்டரிலோ லைனிலோ ஒரு வால்வு வைத்திருப்பார்கள். அதை எடுக்காமல் டிஸ்க் மாட்டினால் பேடு தட்டை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். பத்து கிலோமீட்டர் போவதற்குள் சக்கரம் அடுப்பாகிவிடும்.

பழைய வில்லிஸ் மாடல் ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் காலடித் தரைக்குக் கீழே இருக்கும். காலிபர் உயரத்தில், சிலிண்டர் பள்ளத்தில். அப்போது ஆயில் திரும்ப இறங்கிவிடும். அதற்கு 2 பவுண்டு வால்வு ஒன்று தேவை. இல்லையென்றால் முதல் மிதி வெறும் மிதிதான்.

காலிபருக்கு ஆயிலும் அதிகம் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அந்த அளவு தள்ளாவிட்டால் பெடல் தரையைத் தொடும். பெரிய சிலிண்டர் போட்டால் பெடல் கனமாகும். அதனால் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், காலிபர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி வர வேண்டும். வில்லிஸ் மாடலில் நாலு சக்கரத்துக்கும் சேர்ந்து ஒரே லைன்தான். ஒரு ஓஸ் அறுந்தால் மொத்த பிரேக்கும் காலி. டிஸ்க்குக்குச் செலவு செய்கிறவர்கள் முதலில் இரட்டை லைன் மாஸ்டர் சிலிண்டருக்குச் செலவு செய்வது புத்திசாலித்தனம்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட்-3 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அதன் அளவு 140 டிகிரி. டாட்-4 என்றால் 230, 155. மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவியானால் பெடலில் ஒன்றும் இருக்காது. பழைய ஆயிலை முழுக்கக் கொட்டிவிட்டு, சீல் உடைக்காத புது டப்பாவை ஊற்ற வேண்டும்.

வால் சுற்றும் ஆபத்து

பின்னால் பிரேக் ரொம்பப் பலமாகப் பிடித்தாலும் ஆபத்துதான். முன்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி நேரே சறுக்கும். பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் வால் சுற்றிக்கொண்டு முன்னே வரும். பழைய வில்லிஸ் ஜீப்பில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 80 அங்குலம்தான். குட்டை வண்டி, உயரமோ அதிகம். மழையில் வால் சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முன்னால் டிரம்மை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் மட்டும் பெரிய டிஸ்க் மாட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது.

இதற்காகப் பின்பக்க லைனில் அழுத்தத்தைக் குறைக்கிற திருகு வால்வு மாட்டுகிறார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில் மெதுவாக ஓட்டி, சட்டென்று மிதித்துப் பார்த்து, முன்சக்கரம்தான் முதலில் லாக் ஆகிறது என்று உறுதி ஆகும் வரை திருகிச் சரி செய்ய வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அப்படிப்பட்ட வண்டிகளில் கம்பெனி வைத்த பிரேக் அளவை நம்பித்தான் அந்தக் கருவி கணக்குப் போடுகிறது. அதில் கை வைப்பது கூடவே கூடாது.

இப்போது ஹேண்ட் பிரேக்குக்கு வருவோம்

மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று: கேபிள் இழுத்தால் பேடை அழுத்துகிற நெம்பு வைத்த காலிபர். இரண்டு: டிஸ்க்கின் நடுக் கிண்ணத்துக்கு உள்ளேயே ஹேண்ட் பிரேக்குக்கென்று குட்டி டிரம். அமெரிக்காவில் போர்டு எக்ஸ்புளோரர் வண்டியின் பின் ஆக்சிலை அப்படியே பெயர்த்து ஜீப்பில் மாட்டுவது பிரபலம். 1995 மாடலில் இருந்து அதில் டிஸ்க்கும் உண்டு. உள்ளே குட்டி டிரம்மும் உண்டு. கால் பிரேக்கும் கை பிரேக்கும் ஒரே கல்லில்!

மூன்று: பழைய வில்லிஸ் முறை. இதில் ஹேண்ட் பிரேக் சக்கரத்திலேயே கிடையாது. கியர் பெட்டிக்குப் பின்னால், ஷாப்ட் கிளம்பும் இடத்தில் ஒரு தனி டிரம். இந்த வண்டிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பின்சக்கர டிரம்மை எடுத்தாலும் ஹேண்ட் பிரேக் அப்படியே இருக்கும்.

ஆனால் இதிலும் ஒரு கண்டம் உண்டு. இந்த பிரேக் ஷாப்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றி வண்டி நகர்ந்துவிடும். கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். பஞ்சர் பார்க்கிறவர்கள் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் ஜாக்கி அடிக்கவே கூடாது.

இந்த மூன்றையும் விட்டுவிட்டு, பிரேக் லைனில் ஒரு வால்வை மாட்டி, மிதித்த அழுத்தத்தை அப்படியே பூட்டி வைக்கிறவர்கள் உண்டு. "இதுதான் ஹேண்ட் பிரேக்" என்று சொல்லவும் செய்கிறார்கள். எங்காவது ஒரு சொட்டு கசிந்தாலோ, ஆயில் ஆறிச் சுருங்கினாலோ அழுத்தம் போய்விடும். ஐந்து நிமிஷம் நிற்கிற வண்டி அரை மணி நேரத்தில் உருளும். இதை நம்பிச் சரிவில் வண்டியை விடுவது பைத்தியக்காரத்தனம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதி 96-ன்படி வண்டிக்கு இரண்டு தனித்தனி பிரேக் வேண்டும். ஒன்று கால் பிரேக். மற்றது நிறுத்தி வைக்கிற பிரேக். ஹேண்ட் பிரேக் இல்லாத ஜீப் ரோட்டுக்கு வரவே லாயக்கற்றது.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்புச் சொன்னது. அதே 2019-ல் வந்த திருத்தச் சட்டத்தில், அனுமதி இல்லாமல் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வைத்துவிட்டார்கள்.

எனவே பட்டறைக்குப் போகுமுன் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய், செய்யலாமா என்று எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது. சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டியாக வேண்டும். அன்றைக்கு இன்ஸ்பெக்டர் கேட்கிற கேள்விக்குப் பதில் வேண்டும். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்களும் கேட்பார்கள்.

பில் இருக்கிறதா?

காலிபருக்கும் டிஸ்க்குக்கும் புதுச் சாமான் வேண்டுவோர் ஜி.பி. ரோட்டுக்குப் போகிறார்கள். பழைய சாமான் என்றால் புதுப்பேட்டை. பழைய காலிபர் வாங்கினால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்து, ரப்பர் சீல் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். பழைய டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே தேய்ந்தது காயலான் கடைக்குத்தான்.

பில் வாங்க மறக்கக் கூடாது. திருட்டுச் சாமான் என்று தெரிந்தோ, தெரிய நியாயம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின் கீழ் 3 வருஷம் வரை கம்பி எண்ண நேரிடும். பாதி விலைக்கு, பில் இல்லாமல், "சும்மா எடுத்துக்கோ தம்பி" என்றால் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுவது உத்தமம்.

வண்டியை வெளியே எடுக்குமுன்...

பட்டறையில் இருந்து சாவியை வாங்குமுன் ஐந்து விஷயங்களைப் பாருங்கள். பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் கீழே இறங்குகிறதா? நாலு சக்கரத்திலும் ஆயில் கசிவு உண்டா? ஸ்டாண்டில் வைத்துச் சுற்றினால் சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா? கொஞ்ச தூரம் ஓடிய பிறகு ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடுகிறதா? கடைசியாக, மேட்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, கால் பிரேக்கை விட்டு, ஹேண்ட் பிரேக் மட்டும் வண்டியைப் பிடிக்கிறதா? இந்தக் கடைசிச் சோதனையின்போது வண்டிக்குக் கீழ்ப்பக்கம் ஆள் யாரும் நிற்கக் கூடாது.

ஐந்தில் ஒன்று தவறினாலும் வண்டி பட்டறையிலேயே கிடக்கட்டும்.

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு ஜீப்பை விட்டால் வேறு வண்டி ஏறாது. எஸ்டேட்டுகளில் தொழிலாளிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிப் போவதும் ஜீப்தான். பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். இவர்களுக்கு நல்ல பிரேக் என்பது அன்றாட உயிர்ப் பிரச்சினை. எந்த வண்டிக்கு எந்த பிரேக் சாமானைச் சட்டப்படி மாற்றலாம், யாரிடம் சோதித்துச் சான்று வாங்குவது என்று ஒவ்வொரு ஆர்.டி.ஓ. ஆபீசிலும் தமிழில் ஒரு பலகை எழுதி மாட்டினால் பட்டறைக்காரருக்கும் வழி தெரியும், வண்டிக்காரருக்கும் பயம் தெளியும்.

போக்குவரத்துத் துறை அதிகாரிகள் கவனிப்பார்களா?